மேற்குப் பக்கக் கண்ணாடி

நான் வரைந்தவற்றில் கட்டி முடிக்கப்பட்டது ஒரே ஒரு கட்டடம்தான். நெய்வேலியில், சுரங்கத்திலிருந்து எடுத்த மண்ணைக் கொட்டி உண்டான மேட்டின் மேல் ஒரு பூங்கா இருந்தது. அந்தப் பூங்காவுக்கான பார்வையாளர் மையம். யாராவது அதைப் பற்றிக் கேட்டால் "சின்ன வேலைதான்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன்.

2011-இன் நடுவில் அந்த வேலை வந்தது. அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. கடலூரில் ஒரு சின்ன கட்டடக்கலை அலுவலகத்தில் வேலை. டவுன்ஷிப்பில் அப்பாவுக்குக் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து மைன்ஸ் வேலைக்கு வந்தவர். பெர்மனென்ட். ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தது. அதற்குப் பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்ற பேச்சு எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் தவறாமல் வரும்.

பூங்காவை நடத்த ஒரு குழு இருந்தது. பள்ளிக் குழந்தைகள் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள், மேட்டின் விளிம்பில் நின்று சுரங்கப் பள்ளத்தைப் பார்ப்பார்கள், திரும்பிப் போவார்கள். உட்கார இடம் கிடையாது. குடிக்கத் தண்ணீர் கிடையாது. பெண் பிள்ளைகள் ஒதுங்க முடியாது. தோண்டும்போது கிடைத்த கல்லாகிப்போன மரத்துண்டுகள், பழைய தொப்பி விளக்குகள், ஒரு பெரிய வரைபடம் எல்லாம் தகரக் கொட்டகை ஒன்றில் தூசி படிந்து கிடந்தன. இவற்றை வைக்கவும் வந்தவர்கள் உட்காரவும் ஒரு கூடம் வேண்டும் என்று குழு முடிவு செய்தது. எங்கள் அலுவலக முதலாளி, "நீ அந்த ஊர்ப் பொண்ணு, நீயே பண்ணு" என்று என்னிடம் கொடுத்தார்.

முதல் வேலை இடத்தை அளப்பது. ஒவ்வொரு மரமும் எங்கே நிற்கிறது, எவ்வளவு பருமன் என்று குறித்தேன். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க, பூங்காவில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த கான்ட்ராக்ட் தொழிலாளி ஒருவரை அனுப்பினார்கள். என்னைவிட ஆறேழு வயது பெரியவர். நான் அக்கா என்றேன். அவர் முதல் நாள் மேடம் என்றார். மறுநாள் அது "ம்மா" ஆயிற்று.

"எதுக்கும்மா மரத்தையெல்லாம் அளக்கறீங்க? வெட்டப் போறாங்களா?"

"இல்லக்கா. ஒண்ணுகூட வெட்டக் கூடாதுன்னுதான் அளக்கறேன்."

அவர் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. "எங்க ஊர எடுக்கறப்பவும் இப்படித்தான் டேப்பப் புடிச்சிகினு வந்தாங்க. பலா, முந்திரி எல்லாத்துக்கும் நம்பர் போட்டாங்க" என்றார்.

அவருடைய ஊர் இப்போது பள்ளத்தில் இருந்தது. ஊரை எடுத்த பிறகு வடலூர் போகும் வழியில் ஒரு காலனியில் மனை கொடுத்திருந்தார்கள். மேட்டின் மேற்கு விளிம்புக்கு என்னைக் கூட்டிப்போய்க் கையை நீட்டினார்.

"தோ, மிஷின் சுத்திகினு இருக்குது பாருங்க. அதுக்கு இந்தாண்ட எங்க வூடு. அதுக்கும் இந்தாண்ட கோயிலு."

நான் பார்த்தேன். புழுதிதான் தெரிந்தது. ஆனால் அவர் கையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்குத்தான் எனக்கு அந்தக் கட்டடம் தோன்றியது. உள்ளே வந்து உட்காருகிறவர்களும் அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார வேண்டும். எனவே மேற்குப் பக்கம் முழுவதும் கண்ணாடி.

இந்த ஜில்லாவில் மேற்கே கண்ணாடி வைக்கக் கூடாது என்பது முதல் வருடம் படிக்கிற பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் மேற்கே நாற்பத்திரண்டு மரங்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் நானே அளந்திருந்தேன். பிற்பகல் இரண்டு மணியிலிருந்து அவற்றின் நிழல் எங்கே விழும் என்று மாதம் மாதமாகக் கணக்குப் போட்டுப் படம் வரைந்தேன். கண்ணாடியில் ஒரு பொட்டு வெயில்கூட விழவில்லை. நடுவில் நின்ற பெரிய தூங்குமூஞ்சி மரத்தை வெட்டாமல், கூரையில் வட்டமாக இடம் விட்டு, அதைச் சுற்றித் திண்டு வைத்தேன். முதலாளி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா வந்துட்ட" என்றார். கம்ப்யூட்டரில் போட்ட வண்ணப்படத்தில் பச்சைக்குள்ளே கட்டடம் பதுங்கி இருந்தது. டிசம்பர் முதல் வாரத்தில் குழு அதை ஒப்புக்கொண்டது. அப்பா அந்தப் படத்தைத் தன் ஷிப்ட் ஆட்களிடம் எடுத்துப் போய்க் காட்டினார்.

டிசம்பர் கடைசியில் புயல் அடித்தது.

விடிந்ததும் கதவைத் திறந்தால் தெருவே இல்லை. வரிசையாக மரங்கள் சாலையில் விழுந்து கிடந்தன. ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிற இடத்தில் கரண்ட் இல்லை. அப்பா வேலைக்கு நடந்தே போனார். இரண்டு நாள் கழித்துத்தான் என்னால் பூங்காவுக்குப் போக முடிந்தது. கிளைகளைத் தாண்டித் தாண்டி ஏறினேன். மேலே போனதும் வேறு எங்கோ வந்துவிட்டேன் என்று நினைத்தேன். வானம் அவ்வளவு பெரிதாக இருந்தது.

நாற்பத்திரண்டில் மூன்று நின்றன. அவற்றிலும் இலை இல்லை. கொட்டிய மண்ணில் வேர் ஆழமாக இறங்கவில்லை போலிருக்கிறது. நடுவில் நின்ற தூங்குமூஞ்சி மேட்டின் ஒரு பாகத்தையே பெயர்த்துக்கொண்டு சாய்ந்திருந்தது. அதன் அடிமரத்தின் மேல் அக்கா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அரிவாள் கிடந்தது. விழுந்த கிளைகளைக் கழிக்கச் சொல்லி வரவழைத்திருந்தார்கள். காலனியில் அவருடைய வீட்டுச் சிமெண்ட் ஷீட் இரண்டும் பறந்துபோயிருந்தன.

"வூட்ல கிடக்கறத அப்படியே போட்டுட்டு வந்தேன். வரலன்னா ஆள மாத்திடுவாங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உங்க வேலையும் போச்சாம்மா?" என்று கேட்டார்.

"இல்லக்கா. மாத்தி வரையணும்."

அன்று மாலையே உட்கார்ந்தேன். மேற்குப் பக்கத்தை மூடிச் செங்கல்லில் ஓட்டை ஓட்டையாக ஜாலி வைத்தேன். அதற்கு வெளியே ஆழமான தாழ்வாரம். பள்ளத்தைப் பார்க்க வேண்டியவர்கள் தாழ்வாரத்தில் நின்று பார்க்கலாம். வடக்கிலும் தெற்கிலும் திறக்கிற ஜன்னல்கள். பத்து நாளில் புதிய படங்கள் தயாராயின. முன்னதைப் போல அழகாக இல்லை. ஆனால் மே மாதத்திலும் அதில் மனிதர் உட்காரலாம்.

முதலாளி என்னைக் குழுவின் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். செயலாளர் மரியாதையானவர். எனக்கும் டீ வரவழைத்தார். நான் படங்களை விரித்துச் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை. பிறகு, "பழைய படத்தைப் பெரிசா பிரிண்ட் போட்டு வாசல்ல வச்சாச்சும்மா. எல்லாருக்கும் அது புடிச்சிருக்கு. இது என்னமோ குடோன் மாதிரி இருக்கே" என்றார்.

"சார், மரம் இருந்ததாலதான் அந்தக் கண்ணாடி. இப்ப மரம் இல்ல."

"மரம் வளரும்மா. அடுத்த மாசமே நட்டுடறோம்."

"நிழல் வர்றதுக்குப் பத்து வருஷம் ஆகும் சார்."

"அதுவரைக்கும் ஏசி போட்டுக்கலாம். ரெண்டாவது கட்டத்துல சேத்துடலாம்." இதைச் சொல்லிவிட்டு என் முதலாளியைப் பார்த்தார். முதலாளி தலையசைத்தார்.

திரும்பி வரும்போது காரில் முதலாளி, "நீ சொல்றதுதான் சரி. எனக்குத் தெரியாதா?" என்றார். குள்ளஞ்சாவடி தாண்டிய பிறகு, "ஆனா இத விட்டா இந்தப் பக்கம் நமக்கு வேலை வராது. உனக்கு மனசு ஒப்பலன்னா சொல்லு, வேற யாரையாவது கையெழுத்துப் போடச் சொல்றேன்" என்றார்.

நான் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து, கட்டுவதற்குத் தயார் என்ற முத்திரையோடு பழைய படங்கள் மேஜைக்கு வந்தன. வரைந்தவர் என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை. அப்பாவின் ஓய்வு, வாடகை வீடு, எனக்குப் பார்த்துக்கொண்டிருந்த வரன் என்று பல காரணங்களை அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது யோசித்தால் அவற்றில் எதுவுமே இல்லை. அந்தக் கட்டடம் கட்டப்பட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்.

ஒன்றரை வருடத்தில் கட்டி முடித்தார்கள். மரமே இல்லாத இடத்தில், மரத்துக்காகக் கூரையில் விட்ட வட்டத்தையும் அப்படியே கட்டினார்கள். அதன் அடியில் ஒரு பூவரசங்கன்று நட்டார்கள். மேற்கே தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. ஒரு பலகைகூடத் திறக்காது. திறப்பு விழா ஜனவரியில் நடந்தது. இளவெயில், இதமான காற்று. வந்தவர்கள் எல்லோரும் கண்ணாடி முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அப்பாவுக்கு அது வேலையின் கடைசி வருடம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

மையத்தைப் பெருக்கி, கல்மரத் துண்டுகளைத் துடைத்து, வருகிறவர்களுக்கு வழி சொல்ல அக்காவை நியமித்தார்கள். வெயிலில் தண்ணீர் ஊற்றுவதைவிட நிழலில் வேலை நல்லது என்று அவருக்கும் சந்தோஷம். "நீங்க கட்டின வூட்லதாம்மா நான் இருக்கப் போறேன்" என்றார்.

மார்ச் மாதம் ஒரு பிற்பகல் போனேன். அவர் உள்ளே இல்லை. கட்டடத்தின் கிழக்குச் சுவரை ஒட்டிய நிழலில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார்.

"காலைல உள்ள இருப்பேன். ரெண்டு மணிக்கு மேல முடியாதும்மா. பொரிக்கிற சட்டி மாதிரி ஆயிடுது. நிழலு எங்க போவுதோ அங்க சாக்க இழுத்துகினு போவேன்."

உள்ளே போய்ப் பார்த்தேன். கதவைத் திறந்ததுமே முகத்தில் அறைந்தது. பூவரசங்கன்று கருகிக் குச்சியாக நின்றது. கண்ணாடியின் வெளிப்புற அடியில் இரண்டு சின்னப் பறவைகள் செத்துக் கிடந்தன. கண்ணாடியில் தெரிகிற வானத்தை வானம் என்று நினைத்து வந்து மோதுகின்றன என்று அக்கா சொன்னார். காலையில் பெருக்கும்போது முதலில் அவற்றைப் பொறுக்குவாராம். "மொதல்ல பாவமா இருந்திச்சி. இப்ப முறத்துல அள்ளிக் கொட்டிடறேன்."

நான் குழுவுக்குக் கடிதம் எழுதினேன். வெளியே கீற்றுப் பந்தலாவது போடுங்கள் என்றேன். பந்தல் போட்டால் பார்க்க நன்றாக இராது என்று உள்ளே கரும்பழுப்புத் திரை தைத்து மாட்டினார்கள். வெப்பம் கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே தங்கி, முன்னைவிட மோசமாயிற்று. இரண்டாவது கட்டத்துக்கான அனுமதி வரவில்லை. நான் இன்னும் இரண்டு கடிதம் எழுதினேன். அதற்குமேல் எழுதவில்லை. கடலூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் வேலை வந்திருந்தது.

அடுத்த வருடம் மே மாதம் அது நடந்தது. அதற்கு முந்தின வாரம் வெளியூரிலிருந்து வந்த பெரிய மனிதர் ஒருவர், வரவேற்பு மேஜையில் ஆளே இல்லை என்று குறைசொல்லிவிட்டுப் போயிருந்தார். சூப்பர்வைசர் அக்காவைக் கூப்பிட்டு, இனிமேல் வேலை நேரத்தில் வெளியே உட்காரக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். அக்கா வெளியே உட்காரவில்லை. நான்கு நாள் உள்ளேயே இருந்தார். ஐந்தாம் நாள் நாலரை மணிக்குக் குறிஞ்சிப்பாடியிலிருந்து பிள்ளைகளோடு வந்த ஒரு குடும்பம், மேஜைக்குப் பக்கத்தில் அவர் விழுந்து கிடப்பதைப் பார்த்தது. எவ்வளவு நேரமாகக் கிடந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. உடம்பு நெருப்பாகக் கொதித்தது, வியர்வையே இல்லை என்று அவரைத் தூக்கிய அந்தக் குடும்பத்து ஆள் சொன்னாராம்.

உயிர் பிழைத்துவிட்டார். ஆனால் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கழித்து எழுந்தபோது நடை தள்ளாடியது, கை நடுங்கியது, பேச்சு குழறியது. மூளையில் வெப்பம் தாக்கிய இடம் இனித் தேறுவது கடினம் என்று டாக்டர் சொன்னார்.

எனக்கு விஷயம் தெரிந்ததே ஒரு மாதம் கழித்துத்தான். காலனிக்குப் போனேன். அவருடைய கணவர் பண்ருட்டியில் முந்திரிக்கொட்டை மூட்டை தூக்குகிறவர். வாசலில் நின்றார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"நீங்கதான அத கட்டினது?"

"நான் வரைஞ்சேன்."

"உள்ள ஒரு நாள் உக்காந்து பாத்தீங்களா?"

உள்ளேயிருந்து அக்காவின் குரல் கேட்டது. என்ன சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. கணவருக்குப் புரிந்தது. "வரச் சொல்லுது" என்று நகர்ந்து வழிவிட்டார்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். என்னிடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். ஒவ்வொரு சொல்லாக இழுத்து இழுத்துக் கேட்டார். "ம்மா... என் வேலை... சொல்லி வாங்கிக் குடுங்க. உக்காந்துகினே... தொடைப்பேன்."

சொல்லிப் பார்க்கிறேன் என்றேன். கான்ட்ராக்டரிடம் போய்ச் சொன்னேன். "நிக்கவே முடியலயே மேடம், எப்படிப் பெருக்கும்?" என்றார். அந்த மேஜைக்கு ஏற்கெனவே வேறொரு பெண்ணைப் போட்டிருந்தார்கள். நான் பார்க்கும்போது அவரும் சாக்கு விரித்து வெளியில்தான் இருந்தார்.

இரண்டு மாதம் கழித்து அக்காவின் கணவர் கடலூரில் எங்கள் அலுவலகத்துக்கே வந்தார். வேலை செய்த இடத்தில் நடந்ததற்கு இழப்பீடு கேட்டு மனு போட்டிருந்தார்கள். அக்காவுக்கு முன்பே ரத்தக் கொதிப்பு இருந்தது, அதனால் விழுந்தார் என்று எதிர்த்தரப்பில் சொன்னார்கள். அந்தக் கட்டடத்தில் மே மாதம் பிற்பகலில் மனிதர் இருக்க முடியாது என்று கட்டடம் வரைந்தவரே எழுதிக் கொடுத்தால் உதவும் என்று யாரோ வக்கீல் சொல்லியிருக்கிறார்.

"இருக்கறத எழுதுங்க. அது போதும்" என்றார் அவர். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

முதலாளி என்னைத் தன் அறைக்குள் கூப்பிட்டார். "எழுதாதேன்னு சொல்ல மாட்டேன். ஆனா தெரிஞ்சேதான் கட்டினோம்னு நீயே எழுதித் தர்ற. நாளைக்கு உன் லைசென்ஸ் என்னாகும்? பாத்து எழுது."

பார்த்துத்தான் எழுதினேன். மூன்று முறை கிழித்துவிட்டு நான்காவதாக எழுதியது இப்போதும் எனக்கு மனப்பாடம். மேற்படிக் கட்டடத்தின் மேற்குப் பகுதியில் கோடைக்காலப் பிற்பகல்களில் வெப்பநிலை சற்று கூடுதலாக இருந்திருக்கலாம். கதவைத் திறந்ததும் என் முகத்தில் அறைந்த அந்தச் சூட்டைத்தான் அப்படி எழுதினேன். மரங்கள் விழுந்ததையும் மாற்று வரைபடம் ஒன்று இருந்ததையும் எழுதவில்லை. கீழே கையெழுத்துப் போட்டேன், முத்திரை வைத்தேன். அக்காவின் கணவருக்குப் படிக்கத் தெரியும். ஆனால் படிக்கவில்லை. நான் கொடுத்ததை நம்பி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்.

மனு தள்ளுபடியாயிற்று. அதற்கு என் கடிதம்தான் காரணம் என்று சொல்ல முடியாது. வேறு காரணங்களும் இருந்திருக்கும். ஆனால் அவர் திரும்பி வந்து அந்தக் காகிதத்தை என் மேஜையில் வைத்தார். 'இருந்திருக்கலாம்' என்ற சொல்லின் கீழே யாரோ சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள்.

"இது எதுக்கும் ஆவாதுன்னுட்டாங்க. நீங்களே வச்சிக்குங்க" என்றார். சத்தம் போடவில்லை. அலுவலகத்தில் இருந்த மற்றவர்கள் ஏதோ பில் கொடுத்துவிட்டுப் போகிறார் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அந்த வருடமே வேலையை விட்டேன். அதை யாரும் தியாகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கோடு போட்டால் அது எங்கே போய் முடியும் என்று கை நின்றுவிட்டது. முதலாளிக்கு என்னால் பயன் இல்லை. அப்பா ஓய்வு பெற்று, நாங்கள் குறிஞ்சிப்பாடியில் வாடகைக்குக் குடிபோனோம். வந்திருந்த வரன் வேறிடத்தில் முடிந்தது. டவுன்ஷிப்பில் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக் கொடுக்கிற தற்காலிக வேலை கிடைத்தது. பார்வையாளர் மையத்தை ஒரு கட்டத்தில் பூட்டிவிட்டார்கள். விழாக்களுக்கான பிளாஸ்டிக் நாற்காலிகளை அதில் அடுக்கி வைத்திருப்பதாக அப்பாவின் சிநேகிதர் சொன்னார். அன்றைக்கு அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை.

காலனிக்கு மூன்று நான்கு முறை போனேன். பழம், ஹார்லிக்ஸ் என்று ஏதாவது வாங்கிப் போவேன். அக்கா ஒவ்வொரு முறையும் வேலையைப் பற்றிக் கேட்பார். நானும் சொல்லியிருக்கிறேன் என்பேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஆள் இல்லை. அந்தப் பொய்யைச் சொல்ல முடியாமல் போனபோது போவதையே நிறுத்திவிட்டேன்.

கடைசியாக அவரைப் பார்த்தது 2018-இல், வடலூர் பஸ் நிறுத்தத்தில். ஒரு விசேஷ நாள் கூட்டம். கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து வந்துகொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைவிட ஆறேழு வயதுதான் பெரியவர் என்று பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். அவர் என்னைப் பார்த்துவிட்டார். கை நடுங்கிக்கொண்டே மேலே எழும்பியது. கூப்பிடுகிறாரா, கையாட்டுகிறாரா என்று தெரியவில்லை. வாய் அசைந்தது.

எனக்கு முன்னால் ஒரு பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஏறிவிட்டேன். கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டபோதுதான் அது பண்ருட்டி பஸ் என்று தெரிந்தது. எனக்குக் குறிஞ்சிப்பாடி போக வேண்டும். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி மாறுங்கள் என்றார். நான் பண்ருட்டிக்கே டிக்கெட் வாங்கினேன்.